வெற்று மாதிரி

உம்பிலோ சாலை ஆய்வகத்தில்
பூஜ்யத்துக்கும் ரத்தம் வேண்டும்,
மருந்தே தொடாத யாரோ ஒருவருடையது.
அட்டையில் சொட்டி, உலர்த்தி,
மூன்று மில்லிமீட்டர் வட்டம் துளைத்து
முதலில் அதை ஓட்டுவோம்.
ஒன்றுமில்லை என்று எந்திரம் சொன்ன பிறகுதான்
மற்றவர்களைப் பற்றி அதனிடம் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை ஆள் கிடைக்கவில்லை.
எல்லோர் முன்னாலும் ப்ரெகியைக் கேட்டது நான்தான்.
பிரகாசன் படையாச்சி:
அடையாள அட்டையை வீட்டிலும்
சாப்பாட்டு டப்பாவை டாக்ஸியிலும்
வாரம் தவறாமல் மறப்பவன்.
மாட்டேன் என்றால் ஏன் என்போம்.
சட்டைக் கையை மடித்தான்.

திங்கள். மின்வெட்டு முடிந்து
நைட்ரஜன் சீறத் தொடங்கியது.
தட்டையாய்ப் போக வேண்டிய கோடு
மூன்றாம் நிமிடத்தில் எழுந்து நின்றது.
ஊசியைக் கழுவினேன். மறுபடி ஓட்டினேன்.
அதே இடம். அதே உயரம்.

டெனோஃபோவிர் டைபாஸ்பேட்.
விழுங்கும்போது அதற்கு வேறு பெயர்.
செல்லுக்குள் போய்
ஒரு பாஸ்பேட், மேலே இன்னொன்று
தோளில் ஏறிய பிறகே
வைரஸ் கோக்கும் சங்கிலியில்
கடைசிக் கண்ணியாய் உட்காரத் தெரியும்.
சுமையோடு வந்த வழி திரும்பவும் முடியாது.
சிவப்பணுவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.
சும்மா இருக்கும்,
பதினேழு நாளுக்குப் பாதியாய்த் தேய்ந்துகொண்டு,
யாரும் அழைக்காத சாட்சி.

உயரத்தை எண்ணாக்கினேன். கூடாதுதான்.
பெயரில்லாத முந்நூறு பெண்களின் அட்டைகளில்
வாரம் இரண்டு, வாரம் நான்கு,
தினமும் போடுகிறேன் என்றவளிடம் ஒன்றுமே இல்லை
என்று வாசித்துப் பழகிய கை.
இது ஏழு.
இரண்டு மாதமாய்
ஒருநாளும் மறக்காத ஏழு.

எதற்கு என்று எண் சொல்லவில்லை.
வந்த நோய்க்கா, வராமல் இருக்கவா,
ஈரலில் ஏதாவதா.

பதிவேட்டில் 'மாசு' என்று எழுதப் போய்
அந்தச் சொல்லை அடித்தேன்.
'உறைந்த மாதிரி. கழிக்கப்பட்டது.'
பதினோரு வருடக் கையெழுத்தில் முதல் பொய்,
நேராகத்தான் விழுந்தது.
பிறகு என் கையில் ரப்பரைக் கட்டி
பல்லால் இழுத்து முடிந்தேன்.

பத்தரைக்குக் கண்ணாடிக் கதவைத் தட்டினான்.
அட்டை வீட்டில்.
"ஓடிச்சா?" என்றான்
என் கோட்டுப் பொத்தானைப் பார்த்து.
"உறைஞ்சிருச்சு. இனி என்னுதே போதும்."

கொஞ்ச நேரம் நின்றான்.

மதியம், அதிசயமாய், டப்பா இருந்தது.
பாதி பீன்ஸ் கறியை மூடியில் தள்ளி
என் பக்கம் நகர்த்தினான்.
அவனே சமைத்தது.
உப்புப் போட மறந்திருந்தான்.