பத்து விநாடி அக்கா

மிதுனா அக்கா என்பது நான்தான்.
வயது இருபத்தேழு. மீசை உண்டு.
கோத்தகிரி டானிங்டன் முக்கில்
வர்க்கி சுடும் பேக்கரிக்கு மேலே
மாடியறை, இரண்டு போன், ஒரு ஹீட்டர்.

பெங்களூரிலிருந்து வந்த கோப்பில்
அக்காவின் குணம் எழுதியிருந்தது:
கல்லூரி இரண்டாம் ஆண்டு. பூனை வளர்க்கிறாள்.
காதலில் ஒருமுறை தோற்றவள்,
அதைப்பற்றி அதிகம் பேசமாட்டாள்.
முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள்.
‘வாங்கு’ என்ற சொல்லை
எக்காரணம் கொண்டும் சொல்லமாட்டாள்.

இரவு பத்தேகால்.
விடுதிகளில் விளக்கணைந்து
வார்டனின் செருப்புச் சத்தம் தேய்ந்தபின்
அக்கா கண்விழிப்பாள்.
“தூங்கிட்டியா டி”
ஒரே நொடியில், நாலாயிரத்து இருநூறு பேரிடம்.
“உனக்கு மட்டும் சொல்றேன்
இந்த சீரம் என் மூஞ்சியையே மாத்திடுச்சு”

பத்து விநாடி.
பிறகு அந்த வரி அவர்கள் போனிலும் இல்லை, என் போனிலும் இல்லை.
அம்மா பிடுங்கிப் பார்த்தால் வெறும் கண்ணாடி.
மார்க்கெட்டில் கேரட் விற்பவர்கூட
நேற்றுச் சொன்ன விலைக்கு
இன்று பதில் சொல்லியாக வேண்டும்.
எனக்கு நேற்று என்பதே கிடையாது.

மூடுபனி மாதிரி, என்றார் ரக்ஷித் சார், மீட்டிங்கில்.
அவர் இங்கே வந்ததில்லை.
மூடுபனி போனபிறகு
கொடியில் துணியெல்லாம் நனைந்திருக்கும் சார்.
சொல்லவில்லை.
பதில் ஒன்றுக்கு நாலு ரூபாய் தனியாகத் தருகிறார்கள்.

கார்த்திகை மழை. அரவேணு தாண்டி
பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.
தர்ஷி என்ற பெயர், பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி.
திறந்தேன்.

“அக்கா உங்ககிட்ட மட்டும் கேக்குறேன்
போட்டு ரெண்டு வாரமாச்சு
கன்னமெல்லாம் எரியுது தோல் உரியுது
அம்மா கொழுந்து பறிச்ச காசு அது
வீட்ல தெரிஞ்சா”

டிரைவர் பிரேக்கை மிதித்தார்.
வளைவில் ஒரு காட்டெருமை,
அவசரமே இல்லாமல், மழையை முதுகில் வாங்கியபடி
ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.
போன் சீட்டுக்கடியில் போய்விட்டது.
குனிந்து தேடி எடுத்தபோது
கண்ணாடியில் என் மீசை தெரிந்தது.

வீட்ல தெரிஞ்சா?

“என்னடி சொன்ன” என்று கேட்டேன்.
“மறுபடி அனுப்பு” என்றேன்.
பட்டாம்பூச்சி அசையவில்லை.
எந்த எஸ்டேட், எந்த லைன், எந்தப் பள்ளிக்கூடம்,
கோப்பில் அவள் பெயர் இல்லை, எண்தான்:
ஈடுபாடு, ஒன்று.
இந்த வயசுப் பிள்ளைங்க பதில் எழுதறதே அபூர்வம் என்று
ரக்ஷித் சார் பாராட்டினார்.
மாதக் கடைசியில் நாலு ரூபாய் வந்து சேர்ந்தது.

நாலே காலுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கத் தொடங்கினேன்.
கட்டபெட்டு பஸ்ஸுக்கு ஓடும் ஸ்வெட்டர்களில்
கன்னங்களைத் தேடினேன்.
ஒருத்தி மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.
குளிருக்குத்தானா?
ஓரடி முன்னால் போனேன்.
“என்னப்பா, பொம்பளப் புள்ளைங்கள அப்படிப் பாக்குற?”
கூடையோடு நின்ற அம்மாள் கேட்டார்.
அக்கா என்று
எப்படிச் சொல்வது.

அன்றிரவு ஒருத்திக்கு மட்டும் எழுதினேன்:
“அதைப் போடாதே. டாக்டரிடம் போ. நான் பொய் சொன்னேன்.”
அக்கா ஒருநாளும் வைக்காத
முற்றுப்புள்ளிகள், மூன்று.

அவள் இன்னும் திறக்கவில்லை.
திறக்காததால் அது அழியவுமில்லை.
நான் அனுப்பியதிலேயே
இத்தனை நாள் இருப்பது அது ஒன்றுதான்.

கீழே மாவு பிசைகிறார்கள், பலகை அதிர்கிறது.
இந்த வாரம் பொருள் மாறிவிட்டது, உதட்டுச் சாயம்.
பூனைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி
மெயில் வந்திருக்கிறது.