கழித்தல்

விருதம்பட்டில், பாலாற்றுப் பாலம் இறங்கும் இடத்தில்
அத்தாவுல்லாவின் பழைய இரும்புக்கடை.
மூட்டை நிறுக்கும் தராசு.
அதில்தான் ஏறுவோம்,
நானும் என் கால்களுக்கு நடுவே குச்சியும்.
தனியாக அவள் ஏறமாட்டாள்.

குச்சி எங்கள் நாய்.
வந்த அன்று அப்படித்தான் இருந்தாள்,
தோலுக்குள் நாலு சுள்ளி.
ஆறு வருஷத்தில் பெயர் மட்டும்
அதே எடையில் நின்றுவிட்டது.

"இன்னாம்மா, இரும்பு ரேட்டா, பேப்பர் ரேட்டா?"
சேர்ந்து தொண்ணூற்றேழு.
நான் மட்டும் அறுபத்து மூன்று.
மிச்சம் முப்பத்து நாலு.
அட்டையில் எழுதிக்கொண்டார்,
யாரோ போட்ட செம்புக் கம்பிக்குக் கீழே.

டாக்டர் ஜெபராணி கணக்குப் பார்க்கவில்லை.
என் விரலைப் பிடித்து அவள் விலாவில் வைத்தார்.
"எலும்பை எண்ணுங்க."
மெத்தைக்குள் விழுந்த சில்லறையைப்போல் தேடினேன்.
ஒன்று கிடைத்தது.
இரண்டாவது சந்தேகம்.
"வேலூர் வெயிலில் கம்பளிமேல் கம்பளி போட்டு நடக்கிறாள்.
முட்டி எத்தனை நாள் தாங்கும்?"
மருந்து எழுதும் இடத்தில்
இருபத்தாறு என்று எழுதிக் கொடுத்தார்.

கண்ணளவில் போட்ட சோறு
அன்றிலிருந்து டம்ளரளவு.
மாடிவீட்டுப் பையன்களின் தயிர்சாதத்துக்குத் தடை.
டீக்கடை வர்க்கிக்குத் தடை.
கறிக்கடை வாசலைச் சுற்றிப் போக வேறு சந்து.
ஆறு மணிக்கே சிமெண்டு ரோடு சூடேறிவிடும் என்று
ஐந்துக்கே இறங்கினோம்
தண்ணீர் இல்லாத ஆற்றுக்குள்.
மணல் காலைப் பிடித்து இழுத்தது.
பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து
பாலத்து லாரிகளைப் பார்ப்பாள்,
ஒவ்வொன்றிலும் தனக்கு ஏதோ பாக்கி இருப்பதுபோல.

இரண்டு மாதம் கழித்துத் தொண்ணூற்று மூன்று.
நாலு கிலோ!
அத்தாவுல்லாவுக்கு டீ சொன்னேன்.
அவர் வியாபாரி.
"நீ தனியா நில்லும்மா" என்றார்.
ஐம்பத்தொன்பது.
டீ வந்தது, ஆறியது.
குச்சி வாலை ஆட்டினாள்,
ஒரு கிராம்கூடக் குறையாத வால்.

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன்.
ஒன்றே முக்காலுக்கு கேட் கிறீச்சிட்டது.
காட்பாடி ஸ்டேஷன் பார்சல் ஆபீசிலிருந்து தயாளன்.
செருப்பு.
நூல் அறுபடும் சத்தம்.
இலை பிரியும் சத்தம்.
"இந்தா, பாதி உனக்கு."
பரோட்டா.

பிறகு பேச்சு.
புதுசாய் வந்தவன் வாடா போடா என்கிறான்.
இடுப்பு விட்டுப் போச்சு.
ஒரு பெட்டி நிறைய கோழிக்குஞ்சு, பாதி செத்துக் கிடந்தது.
இறக்கின கை இன்னும் நாறுதா பாரு.
அவள் பார்த்தாள்.
நக்கும் சத்தம் கேட்டது.

என்னிடம் இதில் ஒன்றும் வந்ததில்லை.
எப்போதும் "ம், சாப்பிட்டேன், படு."

சண்டைக்கென்று ஒரு காலைத் தரையில் வைத்தேன்.
தரை சில்லென்றிருந்தது.
எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பீன்ஸ் அரிந்தேன்.
உப்பில்லாமல் வேகவைத்தேன்.
வெள்ளரிப் பிஞ்சை விரல் நீளத்துக்கு நறுக்கித்
தூக்குவாளியில் போட்டு
செருப்பு விடும் இடத்துக்குமேல் மாட்டினேன்.
கொடுக்காதே என்று எழுதவில்லை.
"அவளுடைய பாதி இதில்" என்று
மூடியில் சாக்பீசால் எழுதினேன்.

கேட். செருப்பு.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
"கண்டுபிடிச்சிட்டா" என்றான் அவளிடம்.
வெள்ளரி கடிபட்டது,
ஒரு வாய் அல்ல, இரண்டு வாய்.

இந்த வாரம் முப்பத்து மூன்றரை.
மூட்டைத் தராசுக்கு அரைக்கிலோ தெரியாது,
நம்பாதே என்கிறார் அத்தாவுல்லா.
விரலை வைத்துப் பார்த்தேன்.
இரண்டாவது எலும்பு இருக்கிறது.

நேற்று ஒன்றே முக்காலுக்கு
நானும் வாசலுக்குப் போனேன்.
தயாளன் பாதிப் பேச்சில் நிறுத்தினான்.
"சொல்லு" என்றேன்.
குச்சி நகர்ந்து படியில் இடம் விட்டாள்,
கொஞ்சம்தான்,
மீதியெல்லாம் இன்னும் அவள் அகலம்.