நான்காவது சிங்கம்

கோத்தகிரி தாலுகா ஆபீசுக்கு எதிரில்
என் ஜெராக்ஸ் கடை.
பனிக்காலத்தில் மிஷின் சூடேறப் பத்து நிமிடம் பிடிக்கும்.
அதுவரை யாருக்கும் நகல் இல்லை.

செவனம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அடகுக்கடைக்காரர் கொடுத்தது.
பாரதமாதா, ஒரு கையில் கொடி,
ஒரு கையில் சூலம்,
இடுப்போரம் பூனைபோல் ஒரு சிங்கம்.
காலடியில்
கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பாய்த் தீவு.

"ரெண்டு கையிலும் பிடிச்சிருக்கா,
கொழுந்து எப்படி எடுப்பா?"

நான் சிரித்தேன்.
அவள் கேள்வியாகத்தான் கேட்டிருந்தாள்.

மகனுக்குச் சாதிச் சான்றிதழ்.
மூன்று தலைமுறைக்கு ஆதாரம் வேண்டுமாம்.
பைக்குள் பை, அதற்குள் பை.

அப்பனைப் பெற்றவரின் தோட்டத்துத் துண்டு,
மடிப்பில் கிழிந்தது.
பின்னங்காலில் எழும்பி நிற்கிற சிங்கம்,
எதிரே ஒற்றைக்கொம்புக் குதிரை, கழுத்தில் சங்கிலி.
"குதிரையைத்தான் கட்டியிருக்கான்" என்றாள்.

முந்தானை முடிச்சில் ஒரு ரூபாய்,
தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது
ஆறு வயதுக் கைக்குள் பொத்திக்கொண்டது.
அதிலும் சிங்கம், வாள் பிடித்தது.
இதையும் எடுங்க என்றாள்.
எடுத்தேன்.
தாளில் வந்தது வெறும் கறுப்பு வட்டம்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

மண்டபம் முகாமில் முத்திரை விழுந்த குடும்ப அட்டையில்
மூன்று தலை.
நாலு, என்றேன்.
ஒன்று முதுகுப்பக்கம் இருக்கிறது,
படத்தில் தெரியாது.

உடனே அட்டையைத் திருப்பினாள்.

பின்னால் ஆறு பெயர்.
நான்காவதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.
"தம்பி. முகாமுல காய்ச்சல்" என்று
கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டாள்.
விரலோடு நகல் எடுக்க முடியாது, அம்மா.
விரலை எடுக்கும்வரை காத்திருந்தேன்.

இந்த மலையில் யாரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை.
கரடி உண்டு.
போன வாரம் மாரியம்மன் கோயில் கதவைப் பெயர்த்து
விளக்கெண்ணெய் குடித்துவிட்டுப் போனது.
எந்த நாணயத்திலும் அதன் முகம் கிடையாது.

அவள் சாலையைக் கடக்கப்போனபோது
ஆபீஸ் கேட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை நின்றது,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டாற்போல.
தாசில்தார் ஜீப்
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.
மனு எழுதுகிறவர் மேஜையோடு பின்வாங்கினார்.
செவனம்மா மூன்று சிங்கத்தையும் மார்போடு அணைத்து
தள்ளி நின்றாள்.

அது அசைபோட்டது.
ஒரு தரம் காதை விசிறியது.

ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.
மணி நாலே முக்கால்.