விரல் மடக்கும் இடம்

மூன்று காட்சிமுனைகள் என்று
பட்டியல் போட்டிருந்தான் தேவேந்திரன்.
டர்பனிலிருந்து நாலரை மணி நேரம்.
கரும்பு முடிந்து, யூகலிப்டஸ் முடிந்து,
ஃப்ளாஸ்க்கில் தேநீரும் முடிந்தபின்
முள்மரங்கள் தொடங்கின.

முதல் முனையில் ஒரு கம்பித் தடுப்பு,
பீர் மூடிகள், உடைந்த பெஞ்சு.
கீழே ஜோசினி ஏரி.
மழை பொய்த்த குன்றுகளுக்கு நடுவே
நம்ப முடியாத நீலம்.
கரையைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம்,
குளித்தபின் தொட்டியில் நிற்கும் சோப்புக் கோடு.
"அழகு" என்றேன்.
எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.
எட்டுப் படம் எடுத்தான்.

இரண்டாவது முனை பூட்டிக் கிடந்தது.
காவலாளி சங்கிலியைக் காட்டினான்,
பிறகு சிகரெட் கேட்டான்.
சங்கிலிக்கு மேலே கையை உயர்த்தி
அங்கேயும் இரண்டு படம்.

மூன்றாவதற்குப் போகும் வழியில்
டயர் பஞ்சராகவில்லை, யானை மறிக்கவில்லை.
அன்னாசி வாங்க நிறுத்தினோம்.

விற்றவள் பெயர் தோலகேலே.
கத்தியின் வேகத்தில் பேசுவாள்,
என் அரைகுறை ஜூலுவுக்காக
அவ்வப்போது நிறுத்துவாள்.

"அதுதானே பேய்மலை?" என்று
தேவேந்திரன் விரலை நீட்டினான்.
நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.
எழுந்து வந்தாள்.
மீதிச் சில்லறையைக் குழந்தையின் கையில்
வைத்துப் பொத்துவதுபோல
அவன் சுட்டுவிரலை மடக்கி உள்ளே வைத்தாள்.
"இப்படி. முஷ்டியால்.
மேலே குகைகளில் எங்கள் அரசர்கள் தூங்குகிறார்கள்.
தூங்குகிறவரை யாராவது விரலால் குத்துவார்களா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சாட்ஸ்வொர்த்தில், யூனிட் ஐந்தில்,
கம்பிவேலியில் பூசணி பிஞ்சு விட்ட நாளில்
அம்மா என் விரலில் ஒன்று போட்டிருக்கிறாள்.
"சுட்டிக் காட்டாதே, அழுகிப்போகும்."
காட்டினேன். அழுகியது.
பழ ஈயின் வேலை என்று பின்னால் பள்ளியில் படித்தேன்.
ஆனாலும் இன்றுவரை
பிஞ்சைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

இதைச் சொல்ல என்னிடம் ஜூலு போதவில்லை.
பூசணிக்கான சொல் ஒன்று மட்டும் இருந்தது.
அதைச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக் காட்டினேன்.
அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள்.
"உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது!"

பிறகு, கேட்காமலேயே,
ஏரியின் பக்கம் திரும்பினாள்.
நீர் வற்றிய ஓரத்தில்
வேலிக்கம்பங்கள் வரிசையாகத்
தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.
அங்கேயும் முஷ்டியைத்தான் நீட்டினாள்.
"அப்பாவின் அப்பா.
அணை வந்தபோது எல்லோரும் போங்கள் என்றார்கள்.
மாடுகள் நடந்தன, கோழிகளைத் தூக்கினோம்.
அவர் மண்ணுக்குள் இருந்தார். எப்படி நடப்பார்?"
"மிளகாய்த்தூள் போடவா? உங்கள் ஆட்கள் கேட்பார்கள்."
இருபது ராண்ட்.

மூன்றாவது முனைக்கு நாங்கள் போகவில்லை என்று
எழுதினால் பொருத்தமாக இருக்கும்.
போனோம்.
மூன்றிலும் அதுதான் அழகு.
மீன்பிடிக் கழுகு ஒன்று கத்தியது,
நீர் வெயிலைத் திருப்பி எறிந்தது.
நான் வேலிக்கம்பங்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரவு, வீட்டில், படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம்.
நாற்பத்தொன்றில் ஒன்றை மட்டும்
எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை என்றான்.
மலை இருக்க வேண்டிய இடத்தில்
அவனுடைய முஷ்டி,
மங்கலாக, நான்கு கணுக்களோடு,
மலை அளவுக்கே.

அழிக்கட்டுமா என்றான்.
அன்னாசியின் மிளகாய் இன்னும்
என் நகக்கண்ணில் எரிந்துகொண்டிருந்தது.