பொதுக் கண்ணி

லெய்டனில் நவம்பர். வாசிப்பறையின் வெப்பக்குழாய்
விட்டுவிட்டு இருமுகிறது.
மேசையில் விரித்த தாளில் ஒரு மரம் தலைகீழாய்.
கீழே பதினோரு பெயர்கள் கிளைபிரிந்து,
மேலே நபியிடமிருந்து இறங்கும் ஒற்றைக் கோடு,
இரண்டும் சந்திக்கும் இடுக்கில்
பஸ்ராவின் சாயக்காரர் ஒருவர்.
இறப்பு: ஹிஜ்ரி நூற்று இருபத்தெட்டோ, ஒன்பதோ.

"இவர்தான் புனைந்தவர்."
ஹோக்ஸ்ட்ரா பென்சிலால் பெயரைச் சுற்றி வட்டமிடுகிறார்.
"இவருக்கு மேலே உள்ளதற்கெல்லாம்
இவர் வாய் மட்டுமே சாட்சி."

ஃபெஸ் நகரத்து பென்லக்தர் கண்ணாடியைத் துடைக்கிறார்,
அவசரமில்லாமல்.
"ஊருக்கு ஒரே கிணறு என்றால்
குடமெல்லாம் அங்கேதான் வரும்.
அதற்காகத் தண்ணீரைக் கிணறு செய்தது என்பீர்களா?
எங்கள் ஆட்களும் இவரை விட்டுவைக்கவில்லை.
இதோ: நேர்மையானவர்,
வீடு எரிந்தபின் நினைவு தடுமாறியவர்,
தீக்கு முன் கேட்டவர்களிடம் மட்டும் வாங்கு."

"ஆளைச் சந்தேகித்தீர்கள். சொல்லை அல்ல."

"சொல்லையும்தான்.
நீங்கள் எங்களை அட்டவணையில் படிக்கிறீர்கள்."

ஹோக்ஸ்ட்ராவின் காதுமடல் சிவந்தது.
ஹதீஸ் என்னவோ ஒன்றரை வரிதான்.
அன்று முழுக்க அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

பெட்டிகளை எடுத்துவருவது என் வேலை.
பேச்சில் எனக்கு இடமில்லை,
காப்பி இயந்திரத்தின் அருகே அவர்கள்
யொரிஸைப் பற்றிப் பேசும்வரை.
இருபத்தாறு வருடம் சுவடியறைச் சாவி வைத்திருந்தவர்,
போன மாதம் அலமாரிகளுக்கிடையே விழுந்தார்.

"கடைசியில் 'சன்னலைச் சாத்து' என்றாராம்."
"இல்லையே, 'சாத்தாதே' என்றார். நம்பகமான ஆள் சொன்னது."
"என் ஆளும் நம்பகம்தான்."

அந்த ஆள் நான்.
இருவருக்கும் சொன்னது நான்தான்.
ஒருவருக்குத் திங்கட்கிழமை, அழுகையோடு.
மற்றவருக்கு வியாழன், அழுகை தீர்ந்தபின்.
பொய் சொல்லவில்லை, இரண்டு முறையும்.
அவர் கை என் சட்டைக்கையைப் பற்றியது நிஜம்.
கொக்கி காற்றில் அடித்துக்கொண்டது நிஜம்.
சொல்லின் தலை கேட்டது,
வால் மூச்சா சொல்லா தெரியவில்லை.

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள்.
யாரை விசாரிப்பது?
அங்கே இருந்தது நான் மட்டும்.

ஐந்து மணிக்கு அவர்கள் ஒரே குடையில் போனார்கள்,
தகராறு விடாமல்.
நான் தாளை மடித்தேன். வட்டத்துக்குள் சாயக்காரர்.
நீலம் காயாத விரல்களோடு
யாரோ பதினோரு பேரிடம்
தனக்குக் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்.
தீக்கு முன்பா ஐயா, பின்பா?

பெட்டியைத் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
தேதி எழுதும்போது
இருபத்தெட்டா ஒன்பதா என்று
கை ஒரு கணம் நின்றது.