பட்டியலில் இல்லாதது

கொளத்தூர். மூன்றாவது மாடி.
லிஃப்ட் இன்றும் ஓடவில்லை.
முன்னால் நான், பின்னால் ஏட்டம்மா வேதநாயகி,
அவருக்கும் பின்னால் மூச்சு வாங்கியபடி
குட்டியானை ஓட்டிவந்த சகாயம்.
அரை மணி நேரம்தாம்மா, என்றார் ஏட்டம்மா,
சாயந்தரம் பந்தோபஸ்து இருக்கு.

ஆறு வருடம் இருந்த வீடு.
அதன் அழைப்புமணி குருவி மாதிரிக் கத்தும் என்று
இன்றுதான் தெரிந்தது,
வெளியே நின்று அழுத்தியபோது.

திறந்தான். இஸ்திரி போட்ட சட்டை.
வாங்க மேடம், காபி சாப்பிடறீங்களா?
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் மேலே வைத்த
பீங்கான் கோப்பை அது.
எனக்கு ஊற்றியது வேறு பாத்திரத்தில்.

ஏட்டம்மா பட்டியலை வாசித்தார்.
பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்‌ஷீட்.
பி.காம் சான்றிதழ். ஆதார்.
பாங்க் பாஸ்புக். டில்டிங் கிரைண்டர் ஒன்று.
கிரைண்டருக்கு பில் என் பேர்ல இருக்கு, என்றான்.
சீட்டுப் பணம் என்னுடையது.
ஆனால் கடைக்காரர் பேனாவைத் திறந்து
சார் பேரு? என்று கேட்டது அவனிடம்தான்.
ஏட்டம்மா கிரைண்டரை அடித்தார்.
அடித்தார் என்றால், பேனாவால் கோடு போட்டார்.
இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு
விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் துணிகள் ஏற்கெனவே மூன்று கறுப்புக் குப்பைப் பைகளில்,
கழுத்தில் சணல் இறுக்கி.
மடிச்சுதான் வச்சேன், என்றான்.
பட்டுப்புடவையில் ஃபினாயில் வாசம்.
சகாயம் ஒன்றும் கேட்காமல் இரண்டிரண்டாய்த் தூக்கினார்.

பாஸ்புக் கிடைக்கவில்லை. சமையலறை இழுப்பறையைத் திறந்தேன்.
கரண்டிகளுக்கு அடியில், தீர்ந்த பாட்டரி, பால் அட்டைகள், அவற்றுக்கும் அடியில்
குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினான்,
கீழே தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம்,
பக்கெட்டுகளின் சத்தத்துக்கு நடுவே.
ஸ்க்ரூ நான்கையும் பல்லில் கடித்துக்கொண்டு
புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்னடி தாழ்ப்பாள் என்று
சிரித்தான். உண்மையிலேயே சிரிப்புதான் அது.
அதன்பிறகு குளிக்கும்போதெல்லாம்
நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பேன்.
வாளி நகரும் சத்தத்துக்காகக்
கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன், சோப்பு எரிந்தாலும்.

எடுத்துக் கைப்பையில் போட்டேன்.
அது லிஸ்ட்ல இல்லியேம்மா.
இல்லைதான், என்றேன்.
அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான்.
ஏட்டம்மா என்னைப் பார்த்தார்,
பிறகு திரும்பி, குளியலறைக் கதவில் இருந்த
நான்கு ஓட்டைகளைப் பார்த்தார்.
நிதானமாகக் கேட்டார்:
இதுக்கு பில் இருக்கா சார்?

இரண்டாவது மாடியில் ஒரு அம்மா.
எங்கள் சத்தம் உயரும்போதெல்லாம்
தன் வீட்டு சீரியலின் சத்தத்தைக் கூட்டியவர்.
இன்று டிவியை அணைத்துவிட்டு வந்து
சகாயத்துக்காக கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
அவர் எதுவும் சொல்லவில்லை. நானும்தான்.

மூணு மாடி ஏறி எறங்கினேன்க்கா, நூறு சேத்துக் குடுங்க.
கொடுத்தேன். நியாயம்தானே.
இந்த நாளில் ஒருவர் தன் கூலியைக்
கூச்சமில்லாமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

அயனாவரம் விடுதியில்
சுவரில் துளை போட்டால் ஐந்நூறு அபராதம்.
கதவில் நல்ல கெட்டித் தாழ்ப்பாள் ஏற்கெனவே இருக்கிறது.
அக்கா, அது எதுக்கு? என்று கேட்டாள் அறையில் உடனிருக்கும் ஜன்னத்.
தெரியலை, என்றேன். பெட்டிக்குள்
மார்க்‌ஷீட்டுகளின்மேல் வைத்தேன்.
நாக்கைத் தள்ளிப் பார்த்தேன். துரு.
ஆனாலும் போகிறது.

ராத்திரி பொதுக் குளியலறை. உள்ளே தாழிட்டேன்.
இழுத்துப் பார்த்தேன்.
பிறகும், வாளியைக் கதவோரம் நகர்த்தினேன்.
முகத்துக்கு சோப்பு போட்டு
ஒரு கண்ணை மட்டும்
மூடினேன்.