பொருள் எண் பதினேழு

பொருள் எண் பதினேழு:
பஸ் ஸ்டாண்ட் முக்கிலுள்ள பழைய நிழற்குடையை இடித்து
வாகன நிறுத்தம் கட்டுவது,
அதன் நெற்றியில் ஒரு சிலை வைப்பது.
ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்.

இருந்தது.
ஜன்னலைச் சாத்தியும் மூடுபனி
கூட்ட அறைக்குள் வந்துவிட்டது.
அதற்கு நாற்காலி போடவில்லை.
நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பேசுவதில் பாதி எழுத வேண்டியது,
பாதி எழுதக் கூடாதது.

லாட்ஜ்காரர் பெள்ளிராஜ் சிலையே வேண்டாமென்றார்.
'ஐ லவ் கோத்தகிரி' என்று எரிகிற எழுத்து போதும்,
நடுவில் சிவப்பாய் ஓர் இதயம்,
எல்லா ஊரும் வைத்தாயிற்று,
நாம் மட்டும் யாரையும் லவ் பண்ணாத ஊரா?
சிரித்தார்கள். எழுதவில்லை.

ஓவிய ஆசிரியர் எபனேசர் காட்டெருமை கேட்டார்.
அதுதான் ராத்திரியானால் தானே வந்து
முக்கில் நிற்கிறதே, தண்டச் செலவு எதற்கு
என்றது பின்வரிசை.

கடைசியில் கொழுந்து பறிக்கும் பெண் என்று முடிவானது.
முகம் எந்தப் பக்கம் என்பதற்கு மட்டும் இரண்டு மணி நேரம்.
கிழக்கே பார்த்தால் வாஸ்து,
மேற்கே பார்த்தால் தொட்டபெட்டா,
தெற்கே பார்த்தால் ஒயின்ஷாப்,
வடக்கே பார்த்தால் துணைத்தலைவர் வீட்டுக்கு முதுகு.

அப்போது எழுந்தவள் கமலவேணி,
எஸ்டேட் இரண்டாம் டிவிஷன், கையில் மாதிரிப் படத்தின் நகல்.
"இந்தப் பொம்பளைக்கு இடுப்பில படங்கு இல்ல.
கூடைய பூக்காரி மாதிரி வச்சிருக்கா.
கத்தரி வந்து எட்டு வருஷமாச்சு,
இவ இன்னும் ரெண்டு விரல்ல கிள்ளுறா.
இந்த வேகத்துக்கு அரைநாள் கூலிதான் விழும்."
உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்து,
"நிழற்குடை போயிட்டா
அஞ்சே முக்கா பஸ்ஸுக்கு நாங்க எங்க நிக்கிறது?"

பரிசீலிக்கப்படும், என்றார் தலைவர்.
அந்த ஒரு சொல்லை எழுதும்போது மட்டும்
என் பேனா வண்டிமாடு.
தடம் அதற்குத் தெரியும்.

ஐப்பசியில் அவள் வந்தாள்.
கோவையில் வார்த்த ஃபைபர், பன்னிரண்டு அடி.
லாரியில் மல்லாந்து படுத்தபடி
குஞ்சப்பனை வளைவுகள் அத்தனையும் ஏறி,
பாதம் இரண்டும் வெளியே தெரிய.
செக்போஸ்டில் ஒருவர் தொப்பியைக் கழற்றினாராம்.

நிறுத்திய மறுநாளே வழக்கு, இடைக்காலத் தடை.
தடை கட்டடத்துக்கா, சிலைக்கா, திறப்பு விழாவுக்கா
என்று உத்தரவைப் படித்தவர்கள் மூன்று கட்சி.
எதற்கும் இருக்கட்டுமென்று
நீலத் தார்ப்பாயால் தலையோடு மூடிக் கட்டினோம்.
கயிறு வாங்கிய ரசீது இன்னும் என் மேசையில்,
நானூற்று இருபது ரூபாய்,
தணிக்கைக்காரர் இரண்டு முறை வட்டமிட்டது.

பிறகு மழை. பதினோரு நாள்.
நிழற்குடை இருந்த இடத்தில்
கம்பி முளைத்த பள்ளம், அதில் தண்ணீர்.
தங்கை பிரசவத்துக்காக ஒரு விடியலில்
முதல் பஸ்ஸுக்கு நின்றேன்.
குடை காற்றில் புரண்டு பூவாய்ப் போனது.

தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து
விளக்குக் கம்பத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
அடியில் பதினாறு பேர்.
பீடத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள் கமலவேணி.
யாரோ ஈர ஸ்வெட்டரை
கிள்ளப் போன அந்த இரண்டு விரலில் மாட்டியிருந்தார்கள்.
"வாங்க கிளார்க்கம்மா, இன்னும் ஒராளுக்கு இடமிருக்கு."

கிட்டே நின்று அன்றுதான் முகம் பார்த்தேன்.
சுமாரான முகம். மூக்கோரம் விரிசல்.
எந்தத் திசை பார்க்கிறாளென்று சொல்லத் தெரியவில்லை.
எல்லாப் பக்கமும் நீலம்,
அதன்மேல் மழை தட்டுகிற சத்தம்.

அடுத்த கூட்டம். பொருள் எண் மூன்று:
நகராட்சித் தார்ப்பாயைச் சேதப்படுத்திய
அடையாளம் தெரியாத நபர்கள்மீது புகார் அளிப்பது.
யாருக்காவது விவரம் தெரியுமா, என்றார் தலைவர்.

நான் குனிந்து தேதியை எழுதினேன்.
எழுதிய தேதியின்மேலேயே
இன்னொரு முறை, நிதானமாக.